கிளவுட் டிஎன்எஸ் பாதுகாப்பு: ஜாகாவை நிறுத்துமுன் வாசல்களை எண்ணுங்கள்

தம்பி கேட்டிருப்பது இதுதான். பினாங்கின் பிறையில் தொழிற்சாலை, கோலாலம்பூரில் விற்பனை அலுவலகம், இரண்டிலும் சேர்த்து 180 பேர். ஆட்களின் கணக்குகளையும் கணினிகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி இருக்கிறது. பாதிப் பேர் லேப்டாப்போடு வெளியே சுற்றுகிறவர்கள். சிசிடிவி, பிரிண்டர், கைரேகை வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம் எல்லாம் அதே நெட்வொர்க்கில்தான். முதலாளி ஒரு கிளவுட் டிஎன்எஸ் பாதுகாப்புச் சேவைக்கு (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் ஏற்பாடு) ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டார். "வர்ற சனி ஞாயிறுல மாத்திடு" என்கிறார். திங்கட்கிழமை காலையில் திட்டு வாங்காமல் இதை எப்படிச் செய்வது, அண்ணா?

சனி ஞாயிறில் மாற்ற முடியும். டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டர் (தனக்குத் தெரியாத பெயரை அது கேட்கும் வெளி சர்வர்) முகவரி இரண்டை அழித்துவிட்டு வேறு இரண்டை எழுத வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. விற்க வந்தவர் காட்டிய டெமோவிலும் அதுதான் இருந்திருக்கும். நான் பினாங்கில் பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தச் சேவை சொதப்பிய இடங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். தடுப்புப் பட்டியல் மோசமாக இருந்ததால் சொதப்பியது என்று ஒன்றுகூட இல்லை. பெயர் கேட்கும் கேள்விகள் எந்த வழியாக வெளியே போகின்றன என்று யாரும் முன்கூட்டிப் பார்க்காமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் காரணம். முன்வாசலில் ஜாகா (காவல்காரர்) நிற்கிறார், பின்வாசல் திறந்து கிடக்கிறது. அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி வாசல்களைப் பற்றித்தான்.

அதற்கு முன் முதலாளியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தச் சேவை பெயரை மட்டும்தான் பார்க்கும். ஒரு கணினி ஏதாவது தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும்போது, அந்தப் பெயர் கெட்ட பட்டியலில் இருந்தால் முகவரியைத் தராது, அல்லது தடுப்புப் பக்கத்தின் முகவரியைத் தரும். அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோப்பு என்று அதற்குத் தெரியாது. நல்ல பெயருள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் படிவச் சேவையில் எவனாவது போலி வங்கிப் பக்கம் செய்துவைத்தால், படிவச் சேவையின் பெயர் நல்ல பெயர் என்பதால் அது கடந்துபோய்விடும். எண் முகவரிக்கு நேரடியாகப் போகும் தீநிரலும் (மால்வேர்) டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் "கல்யாணப் பத்திரிகை" ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலி) இதன் கண்ணிலேயே படாது. கோப்பைத் திறந்த பிறகு அது தன் எஜமானனைத் தேடிப் பெயர் கேட்டால் அங்கே பிடிக்கலாம், அதுவும் அந்தக் கைப்பேசி உங்கள் நெட்வொர்க்கில் இருந்தால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2015 ஜனவரி 26 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் தளத்தைத் திறந்தவர்களுக்கு வேறு யாரோ போட்ட பக்கம் தெரிந்தது. சர்வருக்குள் யாரும் நுழையவில்லை, டொமைன் பெயரைத்தான் வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்றது நிறுவனம். அதுவும் டிஎன்எஸ் பாதுகாப்புப் பிரச்சினைதான், ஆனால் அடுத்த பக்கத்துப் பிரச்சினை. உங்கள் ஆட்கள் வெளியே கேட்கும் கேள்விகளைக் காப்பதற்கு நீங்கள் வாங்கிய சேவை. உங்கள் நிறுவனத்தின் சொந்தப் பெயரை எவனும் திருப்பிவிடாமல் காப்பது டொமைன் பதிவுக் கணக்கின் வேலை. அந்தக் கணக்கின் கடவுச்சொல் எந்தக் கிராணியின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாம் கட்ட உறுதிப்பாடு இருக்கிறதா, பெயரை வேறிடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறதா என்று இதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.

இனி வாசல்கள். டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி போர்ட் 53. ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு வெளியே போகும் எல்லாவற்றுக்கும் லாக், அதாவது பதிவு, போடுங்கள். யூடிபி, டிசிபி என்ற இரண்டு போக்குவரத்து வகைக்கும். மறைகுறியாக்கிய டிஎன்எஸ் போகும் 853க்கும் போடுங்கள். ஒரு வாரம் எதையும் தடுக்காமல் ஓடவிட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் மட்டும்தான் வெளியே கேட்கும் என்று நினைத்திருப்பீர்கள். பட்டியலில் இருபது முப்பது முகவரிகள் நிற்கும். சிசிடிவி பதிவுப் பெட்டிக்குள் கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்று எழுதியே அனுப்பியிருப்பார்கள். கூட்ட அறையின் டிவியும் அப்படித்தான். எப்போதோ ஒருநாள் இணையம் மெதுவாக இருந்ததால் ஓர் இன்ஜினியர் தன் லேப்டாப்பில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போட்டுக்கொண்டிருப்பார், போட்டதையே மறந்திருப்பார். உங்கள் வருகைப்பதிவு இயந்திரத்தை நான் இப்போதே சந்தேகப்படுகிறேன்.

இவற்றை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. எந்த முகவரியைக் கேட்டாலும் ஃபயர்வாலிலேயே பிடித்து நம் டிஎன்எஸ் சர்வருக்குத் திருப்பிவிடலாம் என்பது ஒரு கட்சி. நம் சர்வரைத் தவிர மற்ற யாருக்கும் 53 இல்லை என்று மூடிவிடலாம் என்பது இன்னொரு கட்சி. நான் இயந்திரங்களுக்குத் திருப்பிவிடுவேன், ஏனென்றால் சிசிடிவி பெட்டியின் அமைப்பை மாற்ற விற்றவரைக் கூப்பிட்டால் அவர் வர மூன்று வாரம் ஆகும். மனிதர்கள் பயன்படுத்தும் கணினிகளுக்கு மூடிவிடுவேன், சொல்லிவிட்டு மூடுவேன். சொல்லாமல் திருப்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில், வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்கும் போக்குவரத்தைத் தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸுக்கே திருப்பும்படி இணைய நிறுவனங்களுக்குத் தகவல்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டது. பலருக்கு 8.8.8.8 என்று போட்டும் பதில் வேறிடத்திலிருந்து வந்தது. பெரிய கூச்சல் எழுந்தது. செப்டம்பர் 8 அன்று தகவல்தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். அந்த நான்கைந்து நாட்களில் நம் துறைக்காரர்கள் பலருக்கு ஓர் உண்மை உறைத்தது. போர்ட் 53இல் போகும் கேள்வி திறந்த தபால் அட்டை மாதிரி. வழியில் நிற்பவர் யாரும் படிக்கலாம், மாற்றி எழுதலாம். ஆகவே உங்கள் அலுவலகத்திலிருந்து கிளவுட் சேவை வரைக்கும் உள்ள தூரத்தை மறைகுறியாக்கி அனுப்புங்கள். அதற்கு டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறையின் வழி 2016இலேயே தரமாக வந்துவிட்டது, போர்ட் 853. இணையப் பக்கங்கள் வரும் அதே எச்டிடிபிஎஸ் வழி 2018இல் வந்தது, போர்ட் 443. வாங்கிய சேவை இரண்டில் ஒன்றையாவது தரும். விண்டோஸ் சர்வரால் நேராக முடியாவிட்டால் நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியோ சேவைக்காரர் தரும் விர்ச்சுவல் அப்ளையன்ஸோ (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் பெட்டி) வைத்துக்கொள்ளலாம்.

அதே எச்டிடிபிஎஸ் வழிதான் உங்களுக்குப் பெரிய பின்வாசலும். பிரவுசர் தானாகவே வேறொரு டிஎன்எஸ்ஸோடு 443இல் பேசினால், ஃபயர்வாலுக்கு அது சாதாரண இணையப் பக்கம் போலத்தான் தெரியும். குரோம், எட்ஜ் இரண்டுக்கும் குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு அனுப்பும் வசதி) பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஒரு குறிப்பிட்ட பெயரைக் கேட்டுப் பார்க்கும். அந்தப் பெயருக்கு உங்கள் டிஎன்எஸ் "இல்லை" என்றால், நிறுவனம் தனக்கென்று வடிகட்டி வைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். ஆனால் பயனர் தானே கைப்பட ஆன் செய்திருந்தால் ஒதுங்காது. அதனால் ஃபயர்ஃபாக்ஸுக்கும் பாலிசி கோப்பு வேண்டும். இணையப் போக்கை மறைத்து அனுப்பும் ஆப்பிளின் பிரைவேட் ரிலேக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. மாஸ்க் என்று தொடங்கும் இரண்டு பெயர்களுக்கு "இல்லை" என்று பதில் தரவேண்டும். பதிலே தராமல் முழுங்கினால் ஐபோன் வெகுநேரம் காத்துக்கிடக்கும், உங்கள் வைஃபைக்குத்தான் கெட்ட பெயர். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ்ஸில் ஒருவர் குறிப்பிட்ட டிஎன்எஸ் சர்வரின் பெயரை எழுதி வைத்திருந்தால், நீங்கள் 853ஐ மூடியதும் அந்தப் போனில் இணையமே நின்றுவிடும். திங்கட்கிழமை காலை முதல் அழைப்பு அதிலிருந்துதான் வரும். தெரிந்த பொது டிஎன்எஸ் சேவைகளின் பெயர்களையும் முகவரிகளையும் தடுக்கும் வகை பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. அதை மறக்காமல் ஆன் செய்யுங்கள். நூற்றுக்கு நூறு மூட முடியாது. தொண்ணூறு மூடினால் போதும், மீதி பத்துக்குத்தான் ஒவ்வொரு கணினியிலும் ஓடும் எண்ட்பாயின்ட் பாதுகாப்பு இருக்கிறதே.

இனி ஆக்டிவ் டைரக்டரி. நான் பட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தைப்பூசத்துக்கு முந்தின நாள். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு நிறுவனத்தில் இதே மாதிரிச் சேவையை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் லீவு, யாரும் வேலைக்கு வரமாட்டார்கள், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. டொமைன் கன்ட்ரோலரில் ஃபார்வர்டரை மாற்றினேன். பிறகு, ஒருவேளை கன்ட்ரோலர் விழுந்தாலும் இணையம் ஓடட்டும் என்ற நல்லெண்ணத்தில், கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகச் சேவைக்காரரின் பொது முகவரியையும் சேர்த்துவிட்டேன். சோதித்தேன், எல்லாம் ஓடியது. மறுநாள் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில் பாதி ஏறியிருக்கிறேன், போன். கிடங்கில் லீவிலும் ஷிப்ட் ஓடியிருக்கிறது. சிலருக்கு லாகின் ஐந்து நிமிடம் ஆகிறது, சிலருக்கு ஷேர் ஃபோல்டர் காணோம், லேபிள் பிரிண்டர் வருகிறது, போகிறது. காவடிச் சத்தத்தில் அவர் சொல்வது எனக்குப் பாதி கேட்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாவது முகவரி என்பது ஸ்பேர் டயர் இல்லை. முதலாவது பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதைக் கேட்டுவிடும், பிறகு கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். உள் சர்வரின் பெயரைப் பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். பதில் வந்துவிட்டது, அதனால் முதலாவதிடம் திரும்பக் கேட்க வேண்டிய அவசியம் கணினிக்கு இல்லை. சில கணினிகள், சில நேரம். கண்டுபிடிக்க ஆகச் சிரமமான வகைக் கோளாறு. ஆகவே டொமைனில் சேர்ந்த கணினிகளுக்கு டிஎன்எஸ் என்றால் உங்கள் டொமைன் கன்ட்ரோலர்கள் மட்டும், வேறெதுவும் வேண்டாம். ஒன்று விழுமோ என்ற பயம் இருந்தால் கன்ட்ரோலரை இரண்டாக்குங்கள்.

அதே சர்வரில் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது, ஃபார்வர்டர்கள் கிடைக்காவிட்டால் ரூட் ஹின்ட்ஸைப் பயன்படுத்து என்று. விண்டோஸ் அதை டிக் செய்தே தரும். கிளவுட் சேவை பதில் சொல்லத் தடுமாறினால், சர்வர் சத்தமில்லாமல் தானே இணையத்தின் வேர் சர்வர்கள் வரை போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். வடிகட்டி நடுவில் இல்லை. யாருக்கும் எந்தக் கோளாறும் தெரியாது, அதுதான் ஆபத்து. டிக்கை எடுங்கள்.

உள் பெயர்கள், கூட்டாளி நிறுவனங்களின் விபிஎன் வழிப் பெயர்கள், தனியார் முகவரிகளின் தலைகீழ்த் தேடல் (எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்பது) எல்லாம் கிளவுடுக்குப் போகாமல் உள்ளேயே முடியவேண்டும். லேப்டாப் வெளியே இருக்கும்போதும் கேள்விகளைச் சேவைக்கு அனுப்ப அதில் போடும் ஏஜென்ட் மென்பொருளிலும் அதே உள் பெயர்ப் பட்டியலை எழுதுங்கள். சர்வரில் எழுதிவிட்டு ஏஜென்ட்டில் மறப்பது வழக்கம்.

இனி, யார் கேட்டது என்ற கேள்வி. எல்லாக் கேள்வியும் டொமைன் கன்ட்ரோலர் வழியாகப் போனால், கிளவுடில் இருந்து பார்க்கும்போது 180 பேரும் ஒரே பொது முகவரி. "பிறை அலுவலகத்தில் ஒரு கணினி கெட்ட இடத்தைத் தேடியது" என்று எச்சரிக்கை வரும். எந்தக் கணினி என்று தெரியாது. தெரியாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு தொழிற்சாலை முழுக்க அலைய வேண்டும். உள் முகவரியையும் சேர்த்து அனுப்ப ஒரு விர்ச்சுவல் அப்ளையன்ஸ் உள்ளே வேண்டும், லேப்டாப்களுக்கு ஏஜென்ட் வேண்டும். உங்கள் அளவுக்கு நான் எல்லா லேப்டாப்பிலும் ஏஜென்ட் போடுவேன். உற்பத்தித் தளத்துக்கு அப்ளையன்ஸ் வழி. விருந்தினர் வைஃபைக்குத் தனி விஎல்ஏஎன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்), தனிப் பாலிசி. சிசிடிவிக்கும் வருகைப்பதிவு இயந்திரத்துக்கும் இன்னொரு தனி விஎல்ஏஎன். இந்தச் சாமான்களுக்கு உலகத்தில் ஐந்தாறு பெயர்களுக்கு மேல் தெரியவேண்டிய அவசியமில்லை. அந்த ஐந்தாறை மட்டும் அனுமதித்து மற்றதை மூடிவிடலாம்.

பொது முகவரி விஷயத்தில் பலர் சறுக்குகிற ஓர் இடம் மாற்று இணைப்பு. ஃபைபர் அறுந்தால் 5ஜி ரூட்டர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்திருப்பீர்கள். எடுத்தவுடன் உங்கள் பொது முகவரி மாறிவிடும். மொபைல் நிறுவனத்தின் அந்த முகவரியை ஆயிரம் பேரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். கிளவுட் சேவைக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. பாலிசி போய்விடும், சில சேவைகளில் பதிலே வராது. ஒவ்வொரு கிளைக்கும் தனி அடையாளத்தோடு எச்டிடிபிஎஸ் வழி முகவரி தரும் சேவையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் ஏஜென்ட்தான் துணை. சோதிப்பது சுலபம். ஒரு மாலையில் ஃபைபர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள்.

இப்போதுதான் தடுப்புப் பாலிசிக்கு வருகிறோம், முதலாளி முதல் நாளே கேட்கும் விஷயம். முதலில் எதையும் தடுக்காமல் கவனிப்பு முறையில் ஓடவிடுங்கள். எத்தனை நாள் என்றால், அந்தக் காலத்துக்குள் கண்டிப்பாக ஒரு 15ஆம் தேதி வரவேண்டும். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சம்பள வரிப் பிடித்தம் மூன்றுக்கும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். கணக்குப் பிரிவு மாதத்தில் மற்ற நாட்களில் போகாத தளங்களுக்கெல்லாம் அந்த வாரத்தில்தான் போகும். வங்கியின் கம்பெனிக் கணக்குத் தளம் பின்னால் நாலைந்து துணைப் பெயர்களைக் கூப்பிடும். வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸோடு உங்கள் மென்பொருள் பேசுகிறதென்றால் அதுவும் பட்டியலில் வரும். மூன்றாம் தேதி ஆரம்பித்துப் பத்தாம் தேதி தடுப்பை ஆன் செய்தவர், பதினைந்தாம் தேதி அக்கவுண்ட்ஸ் அம்மாவிடம் மாட்டுவார்.

பிறகு தடுப்பை ஆன் செய்யும்போது தீநிரல், ஃபிஷிங் (போலிப் பக்கம்), கட்டளைச் சர்வர் (தீநிரலுக்கு உத்தரவு தரும் சர்வர்) இவை மூன்றும் முதலில். தயக்கமே வேண்டாம். தானாக உருவாக்கப்பட்ட பெயர்களைக் கண்டுபிடிக்கும் வசதியும் அதோடு சேரட்டும். 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல் தினம் 250 பெயர்களை உருவாக்கி எஜமானனைத் தேடியது. பாதுகாப்புக்காரர்கள் அவற்றை முன்கூட்டியே பதிவுசெய்து மடக்கப் பார்த்தபோது, அடுத்த வடிவம் தினம் 50,000 என்று ஏறியது. பட்டியல் போட்டுத் துரத்த முடியாத எண்ணிக்கை. ஆனால் ஒரே கணினி இல்லாத பெயர்களாகக் கேட்டுக்கொண்டே இருப்பது லாக்கில் பளிச்சென்று தெரியும். டிஎன்எஸ் வழியாகத் தரவு கடத்துவதும் அப்படித்தான். ஒரு பெயரின் ஒரு துண்டில் 63 எழுத்து வரை வைக்கலாம், முழுப் பெயருக்கு 255 எல்லை. அதற்குள் தகவலை நறுக்கி நறுக்கிப் பெயராகக் கேட்டால், கேள்வியே சரக்கு வண்டி. 2020இல் சோலார்விண்ட்ஸ் மென்பொருள் விவகாரத்தில் வந்த சன்பர்ஸ்ட் தீநிரல், பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் உள் டொமைன் பெயரையே குறியீடாக்கித் துணைப் பெயருக்குள் வைத்துத்தான் கேட்டது. அதுவும் உள்ளே நுழைந்ததும் இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டு. லாக்கைச் சில நாட்களிலேயே அழித்துவிடும் பழக்கம் இருந்தால் இந்த மாதிரி ஆளை ஒருநாளும் பிடிக்க மாட்டீர்கள்.

புதிதாகத் தோன்றிய பெயர்களைத் தடுக்கும் வகை மிகப் பயனுள்ளது, மிகத் தொல்லையானதும் அதுவே. மோசடித் தளங்கள் பெரும்பாலும் பிறந்து சில நாளே ஆனவை. ஆனால் தீபாவளிச் சலுகைக்காகப் போன வாரம் பதிவுசெய்த நல்ல கடையும் அப்படித்தான் தெரியும். கணக்குப் பிரிவுக்குத் தடுப்பு, விற்பனைப் பிரிவுக்கு எச்சரித்துவிட்டு விடுதல் என்று நான் பிரிப்பேன். ஃபேஸ்புக், யூடியூப் தடுப்பதை மட்டும் இதோடு கலக்காதீர்கள். முதலாளி கட்டாயம் கேட்பார். அது மனிதவளத்துறையின் முடிவு, தனியாக, பிறகு. பாதுகாப்பு என்ற பெயரில் யூடியூபை மூடினால் ஆட்கள் விபிஎன் ஆப் தேடுவார்கள். இலவச விபிஎன் ஒன்றைப் போட்டதும் நீங்கள் பாடுபட்டு மூடிய வாசல் எல்லாம் வீண்.

விலக்குப் பட்டியலில் சோம்பேறித்தனம் கூடாது. ஒரு துணைப் பெயர் தடுக்கப்பட்டால் அதை மட்டும் விடுங்கள். பெரிய கிளவுட் நிறுவனத்தின் டொமைன் முழுவதையும் நட்சத்திரக் குறி போட்டு விட்டால், அதே நிழலில் குடியிருக்கும் ஆயிரம் கெட்டவர்களுக்கும் சேர்த்துக் கதவு திறக்கிறீர்கள். ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில் யார் கேட்டார், ஏன், எந்தத் தேதியில் மறுபடி பார்க்கவேண்டும் என்று எழுதி வையுங்கள். தடுப்பது எப்போதும் பத்திரமான செயல் என்றும் நினைக்காதீர்கள். 2017 மே மாதம் பரவிய வனாக்ரை என்ற பணயத் தீநிரல் ஒரு பெயரைத் தேடிப் பார்த்து, அந்தத் தளம் பதில் தந்தால் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயரைக் கெட்டது என்று தடுத்து வைத்த நெட்வொர்க்கில் அது நிற்காமல் ஓடும்.

தடுப்புப் பக்கம் எளிய விஷயம், ஒரு சிக்கலைத் தவிர. தடுக்கப்பட்டது எச்டிடிபிஎஸ் தளம் என்றால், பயனருக்குத் தடுப்புப் பக்கம் தெரியாது, சான்றிதழ் பயமுறுத்தல்தான் தெரியும். சேவைக்காரரின் பக்கத்தைக் கணினி நம்பவைக்கும் வேர்ச் சான்றிதழைக் குரூப் பாலிசி வழியாக நிறுவனக் கணினிகளில் போடலாம். ஆட்களின் சொந்தக் கைப்பேசியில் போடாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். பக்கத்தில் எழுதும் வாசகம் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். யாரைக் கூப்பிடவேண்டும் என்ற உள் எண்ணும் இருக்கட்டும். நேப்பாளத் தொழிலாளிகள் அதிகம் என்றால் அவர்கள் மொழியிலும் இரண்டு வரி.

வேகத்தைப் பிறையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தனித்தனியாகச் சோதியுங்கள். இந்தச் சேவைகள் எல்லாம் ஒரே முகவரியைப் பல நாடுகளில் வைத்து, இணைய வழி எங்கே இழுக்கிறதோ அங்கே பதில் சொல்பவை. கோலாலம்பூர் ஃபைபர் உள்நாட்டுக் கணுவுக்கும் (பதில் சொல்லும் இடம்), பிறையில் இருக்கும் வேறு நிறுவனத்து ஃபைபர் சிங்கப்பூருக்கும் போகலாம். சிங்கப்பூரிலிருந்து கேட்டதாக நினைத்து வீடியோ, மென்பொருள் அப்டேட் எல்லாவற்றையும் அங்கிருந்தே அனுப்பிவைப்பார்கள். அது தாங்கும். அதைவிடத் தூரத்துக் கணுவுக்குப் போனால் சேவைக்காரரிடம் டிக்கெட் போடுங்கள்.

சேவையே விழுந்தால் என்ன? விழும். 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 உலகம் முழுக்க 62 நிமிடம் நின்றது. யாரும் தாக்கவில்லை, அவர்களின் சொந்த அமைப்புப் பிழைதான். நமக்கு அப்போது 15ஆம் தேதி காலை ஆறு மணிக்குச் சற்று முன்பிருந்து ஏழுக்குள், பல பேர் தூக்கத்திலேயே அதைக் கடந்துவிட்டார்கள். உங்களுக்கு அது பகல் பதினொரு மணிக்கு நடந்தால், பாதுகாப்பில்லாமல் இணையம் ஓடட்டும் என்பதா, இணையமே வேண்டாம் என்பதா? இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதலாளியைக் கொண்டு எழுத்தில் வாங்குங்கள். என் விருப்பம், இரண்டாவது ஃபார்வர்டராக வேறொரு வடிகட்டும் சேவை. குவாட்9 மாதிரி தீநிரலை மட்டும் வடிகட்டும் இலவசச் சேவையின் நிறுவனப் பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். நடுவில் லினக்ஸ் பெட்டி வைத்திருந்தால், காலாவதியான பதிலைக் கொஞ்ச நேரம் தரும் வசதியை ஆன் செய்யுங்கள். சின்ன மயக்கங்களை அது தாண்டவைக்கும். அவசரத்தில் மாற்றும் படிகளைக் காகிதத்தில் அச்சடித்துச் சர்வர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். சேவையின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கவே டிஎன்எஸ் வேண்டும் என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரும்.

கடைசியாக லாக். அது வெறும் தொழில்நுட்பக் குப்பை இல்லை. யார் புது வேலை தேடுகிறார், யார் எந்த மருத்துவமனைத் தளத்தைப் பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தனிநபர் தரவு என்றே அதை நடத்துங்கள். எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பார்க்கும் உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மேலாளர் ஒருவர் "அந்தப் பையன் என்ன பாக்கிறான்னு எடுத்துக் குடு" என்று உங்களிடம் வந்து நிற்பார். அதற்கு என்ன வழிமுறை என்று முன்பே எழுதி வைத்திருந்தால் உங்கள் தலை தப்பும். அதே லாக் உங்களுக்குக் கவசமும்தான். 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கணினி, எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு அந்த மூன்று நாளில் பதில் தருவது பெரும்பாலும் டிஎன்எஸ் லாக்தான். வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், ஒரு குறிப்பிட்ட ஆள் அதைப் படிக்கவேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்றால் வேலை நேரத்தில் அதற்கு இடம் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஃபயர்வாலில் 53, 853 லாக், அந்த ரூட் ஹின்ட்ஸ் டிக், டிஎச்சிபியில் வழிதவறி நிற்கும் இரண்டாவது முகவரி, இவ்வளவு போதும். முதலாளி கேட்டால் முதல் கட்டம் முடிந்தது என்று சொல்லுங்கள், பொய் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பட்டியலோடு வாருங்கள். வருகைப்பதிவு இயந்திரம் எந்த ஊரைக் கேட்கிறது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.